முடிச்சுல இருந்து மிஷினுக்கு மாறுனேன், கை இன்னும் மாறல

28-10-2023 (ஒரு தம்பி கேட்டது)
அண்ணா, பத்து வருசமா கயிறு முடிச்சு போட்டுத்தான் மரம் ஏறறேன், போன மாசம் கடன் வாங்கி இந்த அலுமினிய மிஷினை வாங்கிட்டேன், ரெட்டைக் கயிறுல மாட்டறது. வீடியோவுல பாத்தா வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போறாங்க. நான் ஏறுனா ஒரு நேரம் சிக்கிக்குது, ஒரு நேரம் சர்ருனு எறங்குது. முடிச்சே தேவலைன்னு தோணுது. எனக்குத்தான் இப்படியா, எல்லாருக்கும் இப்படித்தானா?

29-10-2023
எல்லாருக்கும் இப்படித்தான் தம்பி. நானே இப்ப மூணு வாரமா அதே கூத்துலதான் இருக்கேன், அதனால குருவா பதில் சொல்லல, கூடப் படிக்கறவனா சொல்றேன்.

ஏற்காட்டுல எஸ்டேட் எஸ்டேட்டா போயி நிழல் மரம் கழிக்கற வேலை எனக்கு. காப்பிக்கு நெழலுக்கு நிக்கற சில்வர் ஓக்குதான் முக்காவாசி, அதுல மொளகுக் கொடி ஏறியிருக்கும். கொடி இருக்கறதால முள்ளு வெச்ச கால் கொக்கி மாட்டி ஏற முடியாது, கொடி செத்துரும், மொதலாளி நம்மள கொன்னுருவார். அதனால கீழ இருந்து மணல் பை கட்டுன நூலை வீசி, கவட்டையில விழ வெச்சு, அதுல கயிறை இழுத்து, கவட்டையோட ரெண்டு பக்கமும் தொங்கற அந்த ரெட்டைக் கயிறுல கொடியத் தொடாம ஏறிப்போறதுதான் நம்ம வழி. பதினாலு வருசம் வி.டி. முடிச்சுதான். விரல் தடிமன் கயிறு மேல சின்னக் கயிறை சுத்திப் பின்னி விடறது. சுருக்கமா சொன்னா 1931-ல கார்ல் புருசிக்னு ஆஸ்திரியாக்காரர் எழுதி வெச்ச முடிச்சோட பேரப்புள்ளை. எடை விழுந்தா கவ்வும், எடை போனா நகரும்.

மிஷினும் செய்யற வேலை அதேதான். சின்னக் கயிறுக்குப் பதிலா சங்கிலி மாதிரி அடுக்கடுக்கா லிங்க், எடை விழுந்தா லிங்க் எல்லாம் கோணிக்கிட்டு கயிறை கவ்வுது, மேல இருக்கற லீவரை அமுக்குனா நேராயி கயிறு ஓடுது. பேர் சொல்லல, விளம்பரமும் வேண்டாம் வம்பும் வேண்டாம். கூட நிக்கற பையன் வெச்ச பேரு நண்டு. இனிமே நண்டுன்னே எழுதறேன்.

மொத நாளு வீட்டுக்குப் பின்னாடி பலா மரத்துல பத்தடி உயரத்துல தொங்கிப் பாத்தேன். உக்காந்தவுடனே நண்டு கவ்வறதுக்கு முன்னாடி ஒரு சாண் எறங்குச்சு. வயித்துல புளியக் கரைச்சுது. மறுபடி ஏறி உக்காந்தேன், மறுபடி ஒரு சாண். என் கணக்குல இது மிஷினோட கோளாறு. வழுக்குது, அவ்வளவுதான்.

29-10-2023, ராத்திரி
சம்சாரம் கேக்குது, இந்த காசுக்கு பழைய எக்ஸ்எல் வண்டி ஒண்ணு வந்திருக்குமேன்னு. வந்திருக்கும். பதில் இல்ல என்கிட்ட.

04-11-2023
இன்னிக்கு நேர் எதிரா ஆயிப்போச்சு. காலையில இருந்து மூடுபனி, தூறல், கயிறு நனைஞ்சு கனத்துப்போச்சு. வேலை இல்லாததால பலா மரத்துலயே திரும்ப தொங்குனேன். நண்டு இப்ப வழுக்கவே இல்ல, ஆனா எறங்கவும் மாட்டேங்குது, லீவரை அமுக்குனா ஒண்ணும் இல்ல, இன்னும் அமுக்குனா ஒண்ணும் இல்ல, இன்னும் கொஞ்சம்னா டொக்குனு ஒரு அடி விழுது. முடிச்சும் ஈரத்துல இறுகும்தான், ஆனா அதை விரலால கொஞ்சம் தள்ளித் தளத்திக்கலாம், கயிறுக்கும் கைக்கும் ஒரு பேச்சுவார்த்தை இருக்கும். இரும்புகிட்ட என்ன பேசறது.

(அலுமினியம்தான், தெரியும். யாரும் திருத்த வேண்டாம்.)

05-11-2023
ஒருத்தர் கேட்டிருக்கார், தென்னை ஏறற மிஷின் சல்லிசா கெடைக்குதே, எதுக்கு இவ்ளோ செலவுன்னு. அண்ணா, அது ரெண்டு காலுக்கும் ரெண்டு சட்டம், மரத்தைச் சுத்தி கம்பி, ஒண்ணு மாத்தி ஒண்ணு தூக்கி வெச்சு ஏறறது. கேரளாவுல செம்பேரி ஜோசப் கண்டுபுடிச்ச மாடலு, நம்ம கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் உக்காந்து ஏறற மாதிரி ஒண்ணு பண்ணியிருக்காங்க. நல்ல சாமான், எங்க மாமனார் தோட்டத்துல இருக்குது. ஆனா தென்னை தூண் மாதிரி, நடுவுல கிளை கெடையாது. கிளை உள்ள மரத்துல மொதக் கிளையிலயே அந்தக் கம்பி நின்னு போகும். இங்க மரத்தைக் கட்டிப் புடிக்கற வேலையே இல்ல, கயிறுல தொங்கிக்கிட்டு கிளை நுனி வரைக்கும் நடந்து போகணும். ரெண்டும் வேற வேற தொழில்.

அதுக்கும் முன்னாடி தளைக்கயிறு இருக்குதே, ரெண்டு பாதத்தையும் சேத்து மாட்டி பனை ஏறுவாங்களே. அவங்க முன்னாடி நம்ம ஹார்னெஸ், ஹெல்மெட்டு எல்லாம் மாப்பிள்ளை அலங்காரம்தான்.

12-11-2023
தீபாவளிக்கு சேலம் வந்திருக்கேன், மாமியார் வீடு. மச்சான் லேத்துப் பட்டறையில வேலை, வீட்டுலயே வெர்னியர் வெச்சிருக்கான். பலகாரம் தின்னுட்டு சும்மா இருக்க முடியாம வண்டிப் பையில இருந்த கயிறை எடுத்து அளந்து பாருடான்னேன்.

பத்து பாயிண்ட் ஒம்பது மில்லி.

நண்டு மேல குத்தியிருக்கற எழுத்துல 11.5-ல இருந்து 13 வரைக்கும்னு போட்டிருக்குது. கடையில 12 மில்லின்னு சொல்லித்தான் குடுத்தாங்க, நானும் கையால தடவிப் பாத்து ஆமாம்னு வாங்கிட்டேன், பதினாலு வருச அனுபவம்ல. அப்ப 29-ந் தேதி நான் எழுதுனது தப்பு, வழுக்குனது மிஷின் இல்ல, என் கயிறு. எலிப்பொறியில ஓணானைப் புடிக்கப் பாத்த கதை. அந்தக் குறிப்பை அழிக்கல, அப்படியே இருக்கட்டும், என்னை மாதிரி எவனாவது மொத வாரத்துல திட்டிக்கிட்டு வருவான், படிச்சுட்டு கயிறை அளக்கட்டும்.

முடிச்சுல இந்தப் பிரச்சனையே தெரியாது பாருங்க. கயிறு மெலிசா இருந்தா ஒரு சுத்து கூடப் போட்டுக்குவோம், தடிமனா இருந்தா ஒண்ணு கொறைச்சுக்குவோம், யோசிக்காமயே கை பண்ணிரும். நண்டுக்கு சுத்து கூட்டறதும் இல்ல, கொறைக்கறதும் இல்ல. அதுக்கு ஏத்த கயிறை நாமதான் தேடணும்.

26-11-2023
புதுக் கயிறு வந்துச்சு, 11.7. அந்த ஒரு சாண் வழுக்கல் போயே போச்சு. ஆனா எறங்கறப்ப இன்னும் சண்டித்தனம். வால்பாறை அண்ணன் ஒருத்தர் கேட்டார், கயிறை நேரா கவட்டையில போடறியா, வளையம் வெச்சுப் போடறியான்னு. நேராத்தான், வழக்கம் போல.

அங்கதான் சூட்சுமம். ரெட்டைக் கயிறுல நம்ம எடை ரெண்டு பக்கமும் பிரிஞ்சு தொங்குது, நண்டுக்கு வர்றது பாதிதான். நான் 58 கிலோ, ரம்பம் தண்ணி பாட்டில் எல்லாம் சேத்து 66 வெச்சுக்குங்க, பாதி 33. ஆனா கயிறு சில்வர் ஓக்குப் பட்டையில உரசிக்கிட்டு ஓடுது, அந்தப் பட்டை வரப்பு வரப்பா சொரசொரன்னு இருக்கும், எறங்கறப்ப பாதி வேலைய பட்டையே செஞ்சுருது, நண்டு பக்கம் வர்ற எடை இன்னும் கொறைஞ்சு போகுது. அதனாலதான் அமுக்குனாலும் எறங்காம, அப்பறம் டொக்குனு விழறது. ரெண்டு பக்கமும் வளையம் உள்ள பட்டி ஒண்ணை கவட்டையில மாட்டி அது வழியா கயிறை விட்டேன். நம்ப மாட்டீங்க, வேற மிஷின் மாதிரி ஆயிருச்சு. ஏறறப்ப தோள்ல பாதி பாரம் போச்சு. எறங்கறப்ப லீவர்ல ரெண்டு விரல் போதும்.

மரத்துக்கும் நல்லது, பட்டை அறுபடறதில்ல.

ஒரே தொல்லை, அடி கணக்கு. ரெட்டைக் கயிறுல ஒரு அடி ஒசரம் போக ரெண்டு அடி கயிறு இழுக்கணும், இது முடிச்சுக்கும் உண்டு, புதுசு இல்ல. ஆனா நண்டு சத்தமில்லாம கயிறை விழுங்கறதால எவ்ளோ ஏறியிருக்கோம்னே தெரியல, கீழ குனிஞ்சு பாத்தா திக்குனு இருக்குது.

10-12-2023
கூடலூர்ல இருந்து ஒருத்தர், எதுக்கு ரெண்டடி இழுத்துக்கிட்டு இருக்கற, கயிறை மேல கட்டிட்டு ஒத்தக் கயிறுல இதையே மாட்டி ஏறிருன்னு சொல்லியிருந்தார். நானும் போன வாரம் ஆமாம் பண்ணலாம்னு பதில் போட்டிருந்தேன். அதை வாபஸ் வாங்கறேன். தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க.

மூணடி உயரத்துல, கீழ பழைய மெத்தை போட்டுப் பாத்தேன். மேல போனேன், சரி. எறங்க லீவரை அமுக்கறேன், கல்லு மாதிரி நிக்குது. முழு எடையும் இப்ப இதுமேலதான, பாதி இல்லையே. ரெண்டு கையும் வெச்சு அமுக்குனேன், விட்டுச்சு பாருங்க, மெத்தையில நங்குனு உக்காந்தேன். மூணடிங்கறதால சிரிச்சேன். முப்பதடின்னா?

ஒத்தக் கயிறுக்கு மேல இன்னொரு துண்டு மாட்டணும், அது கயிறை லேசா வளைச்சு உரசலைப் பங்கு போட்டுக்கும், அப்பத்தான் கீழ இருக்கறது பாதி எடையப் பாத்த மாதிரி நடந்துக்கும். முடிச்சு வெச்சு ஒத்தக் கயிறு ஏறறவங்களுக்கு கெவின் பிங்காம்னு ஒரு அமெரிக்க மரமேறி பண்ணுன ரோப் ரெஞ்ச் இருக்கே, அதோட தத்துவமும் இதேதான். பெட்சல் கம்பெனி அவங்க ஜிக்ஜாக்குங்கற இதே மாதிரி மிஷினுக்குன்னே சிக்கேன்னு ஒண்ணு விக்கறாங்க. (சாப்பிடற சிக்கன் இல்ல. எங்க பையன் ரெண்டு நாளா சிரிக்கறான்.) அது இல்லாம ஒத்தக் கயிறு இல்ல. கூடலூர் நண்பர் கோவிச்சுக்க வேண்டாம், நானும்தான் தலையாட்டுனேன்.

21-01-2024
மொளகு சீசன். ஒத்த மூங்கில் ஏணியும் சாக்குப் பையும்தான், கயிறு வேலையே இல்ல. நண்டு அரிசி டப்பா மேல தூங்குது.

18-02-2024
கேவலமான ஒண்ணு பண்ணிட்டேன், சொல்லித்தான் ஆகணும்.

வெள்ளக்கடை பக்கம் ஒரு பெரிய பலா, வீட்டு ஓட்டு மேல சாஞ்ச கிளை ரெண்டு எடுக்கணும். பலாவ அறுத்தா பால் கொட்டும்ல, கை, ரம்பம், கயிறு, நண்டு எல்லாம் பிசுக்கு. லிங்க் ரெண்டும் ஒட்டிக்கிட்டு கிரீச்சுங்குது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்ன பண்ணுனேன், பலாப்பழம் அறுத்தா என்ன பண்ணுவோம், தேங்காயெண்ணெய் தடவித் தொடைப்போம். அதையே பண்ணிட்டேன். பால் சூப்பரா போச்சு, நண்டு பளபளன்னு கல்யாணப் பாத்திரம் மாதிரி ஆயிருச்சு, எனக்குப் பெருமை வேற.

மறுநா காலையில எட்டடி ஏறி உக்காந்தா, கவ்வல. கவ்வுது ஆனா கவ்வல, எப்படிச் சொல்றது, மெல்ல மெல்ல ஊர்ந்து எறங்குது, சோப்புக் கட்டியில ஒக்காந்த மாதிரி. காலைக் கிளையில போட்டு நின்னுட்டேன். கயிறைத் தொட்டுப் பாத்தா விரல்ல எண்ணெய். லிங்க் சந்துல தங்குன எண்ணெய் எல்லாம் கயிறு மேலத்தோல்ல ஏறியிருக்குது, அதுல மண்ணு வேற ஒட்டி கருப்பு கருப்பா.

மண்ணெண்ணெயில கழுவுன்னு ஒருத்தர் யோசனை சொன்னார், அந்தப் பக்கமே போகல, நைலானோட என்ன பண்ணுமோ. நண்டை வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் சோப்பு, பழைய பல் பிரஷ் வெச்சு அரை மணி நேரம் தேய்ச்சேன், நெழல்ல காய வெச்சேன். கயிறு எண்ணெய் பட்ட நுனி பன்னெண்டடி வெட்டி எடுத்தாச்சு. எங்க வீட்டு ஆட்டுக்குட்டிய இப்ப அதுலதான் கட்டியிருக்கோம், ஆடு வழுக்காம நிக்குது.

24-03-2024
மலைக்குக் கீழ மாந்தோப்புல ஒரு வேலை வந்துச்சு, காஞ்ச கிளை எடுக்கறது. இருபத்தஞ்சு அடி இருக்கும். நண்டோட நல்ல சிநேகம் ஆயிட்டோம்னு ஒரு தெம்பு. கிளை நுனியில ரம்பத்தை வெக்கறேன், தலைக்கு மேல இலையச் சுருட்டி கூடு, நான் பாக்கல. முசுறு. கழுத்து, காது, கண் இமை வரைக்கும் ஒரே நிமிசத்துல.

எதையாவது புடிக்கணும்னு கை போகும்ல. போச்சு. முழு முஷ்டியா நண்டோட தலையப் புடிச்சுது. அதாவது லீவரை. பயத்துல இன்னும் இறுக்கிப் புடிச்சேன், இறுக்க இறுக்க எறங்கறேன், எறங்க எறங்க பயம், இன்னும் இறுக்கறேன். கீழ இருந்து பையன் கத்தறான், ணா விடுங்க, விடுங்க. எறும்பைச் சொல்றான்னு நெனச்சேன். ஒரு கிளையில மொழங்கை இடிச்சுது, வலியில கை தொறந்துச்சு, டக்குனு நின்னேன். ஏழெட்டடி வந்திருப்பேன். அப்பறம் அங்கயே தொங்கிக்கிட்டு எறும்பை ஒவ்வொண்ணா நசுக்குனேன், என்ன பண்றது.

மொழங்கையில தோல் போச்சு, வேற ஒண்ணும் இல்ல.

25-03-2024
ராத்திரி தூக்கம் வரல, அதையே யோசிச்சேன். நேத்து எழுதறப்ப மிஷினைக் குத்தம் சொல்ற மாதிரி ஒரு தொனி வந்திருச்சோன்னு. நியாயமாப் பாத்தா முடிச்சும் அப்படித்தான், தலையப் புடிச்சுத் தொங்குனா முடிச்சும் எறங்கும், ஆரம்பத்துல எத்தனை தடவை உள்ளங்கை வெந்திருக்கு. ஆனா பதினாலு வருசத்துல கை எங்கயோ கத்துக்கிச்சு, பயம் வந்தா முடிச்சுக்குக் கீழ இருக்கற கயிறைப் புடிக்கும். அதே கைதான் நேத்தும் போயிருக்குது, ஆனா நண்டு ஒரு சாண் நீளம் கம்மி, கை பழைய எடத்துக்குப் போகறப்ப அங்க லீவர் உக்காந்திருக்குது. கை தப்புப் பண்ணல, முகவரி மாறிப்போச்சு.

சின்ன வயசுல இருந்து நமக்குச் சொல்லிக் குடுத்தது என்ன, மரத்துல பயம் வந்தா கெட்டியாப் புடிச்சுக்கோ. இதுல பயம் வந்தா விட்டுரணும். அறிவுக்குத் தெரியும், கைக்கு யார் சொல்றது.

இப்ப தினமும் காலையில வேலைக்கு முன்னாடி நாலடி உயரத்துல தொங்கிக்கிட்டு, பையன் எதிர்பாராத நேரத்துல கயிறை ஆட்டுவான், இல்ல ஓய்னு கத்துவான், நான் ரெண்டு கையும் விரிச்சு விடணும். பாக்கறவங்க சாமி வந்திருச்சுன்னு நெனைக்கறாங்க. தம்பி, மொதல்ல கேட்டவர், நீயும் இதைப் பண்ணு. ஏறிப் பழகறதை விட இது முக்கியம்.

28-04-2024
மழைக்கு முன்னாடி நிழல் எடுக்கற வேலை, இடுப்பு ஒடியுது. சேலத்துல அடிக்கற வெயிலு மேல வரைக்கும் தெரியுது. நாகலூர் ரோட்டுல ஒரு எஸ்டேட்டு, எல்லாம் அறுவது எழுவது அடி சில்வர் ஓக்கு. ஆஸ்திரேலியா மரம், ஒசரமா ஒல்லியா வளரும், கிளை படக்குனு முறியும், அதனால கவட்டை நல்லா நடுத்தண்டோட சேந்ததாப் பாத்து, கீழ இருந்து ரெண்டு பேர் தொங்கி ஆட்டிப் பாத்துட்டுத்தான் ஏறறது. அறுத்த தூள் பட்டா எனக்கு கையெல்லாம் தடிச்சுக்கும், அதனால இந்த வெயில்லயும் முழுக்கை சட்டை.

காப்பிச் செடி மலைக்கு வந்தது காக்பர்ன்னு ஒரு வெள்ளக்காரர் சேலம் கலெக்டரா இருந்த 1820-கள்லன்னு சொல்வாங்க. அப்ப நெழலை எப்படிக் கழிச்சாங்களோ, ஏறுனவன் கதைய யாரும் எழுதி வெக்கல.

விசயத்துக்கு வர்றேன். எறங்கறப்ப அவசரம், சாப்பாட்டு நேரம், மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே மூச்சுல விட்டேன். கீழ வந்து கழட்டலாம்னு தொட்டா சுரீர்னு சுட்டுச்சு, இட்லிக் குண்டான் மூடிய வெறுங்கையில எடுத்த மாதிரி. நண்டு நின்ன எடத்துல கயிறு மேல ஒரு பளபளப்பு, நகத்தால கீறுனா மெழுகு மாதிரி கெட்டியா இருக்குது. நைலான் 220-ல இருந்து 260 டிகிரிக்குள்ள உருகற சாமான், மேல்நூல் லேசா உருகி இறுகத் தொடங்கிருச்சு. முடிச்சா இருந்தா சின்னக் கயிறே புகைஞ்சு வாசம் காட்டிக் குடுத்திருக்கும். இது வாயைத் தொறக்காது. இப்ப நடுவுல ரெண்டு எடத்துல நின்னு வேர்வை தொடைச்சுட்டுத்தான் எறங்கறேன், எறங்குனதும் ஒடனே நண்டை கயிறுல இருந்து தள்ளி எடுத்துர்றது.

எத்தனை மரம்னு கேக்கறவங்களுக்கு: முடிச்சுல ஒரு நாளைக்கு ஆறு, இப்பவும் ஆறு, ஒரு நாள் ஏழு. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா ராத்திரி தோள்பட்டைக்கு தைலம் தேய்க்கச் சொல்றது நின்னு போச்சு. சம்சாரம் எக்ஸ்எல் பேச்சை எடுக்கறதில்ல.

19-05-2024
தம்பி பதில் போட்டிருக்கார், அவர் கயிறும் அளந்து பாத்தாராம், 11 மில்லிதான். ஒரே கடையா இருக்குமோ. கூடவே கேட்டிருக்கார், மிஷின் தேஞ்சதை எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னு. சின்னக் கயிறு தேஞ்சா பஞ்சு பஞ்சா நிக்கும், குருடனுக்கும் தெரியும், கொஞ்சக் காசுல மாத்திக்கலாம். இதுல நகத்தை விட்டுத்தான் பாக்கணும். கயிறு உரசற லிங்க் உள்பக்கம் பள்ளம் விழுந்திருக்கா, ஆணி ஆடுதா, விளிம்பு கத்தி மாதிரி கூர் ஆயிருக்கா, லீவரை விட்டா தானா மேல வருதா. மண்ணுல போட்ட கயிறுதான் இதுக்கு எமன், உப்புத்தாள் மாதிரி அரிச்சுரும், அதனால கீழ ஒரு சாக்கு விரிச்சு அது மேலதான் கயிறை விடறது. கூட வந்த காகிதத்துல அளவு போட்டிருப்பாங்க, தூக்கிப் போட்டிருந்தா குப்பையில தேடு.

இன்னொண்ணு. நேத்து மழை, கயிறு சேறு, நண்டைக் கழுவிக் காயப் போட்டிருந்தேன். அவசரமா ஒரு சின்ன மரம், சரி பழையபடி முடிச்சு போட்டு ஏறிருவோம்னு சின்னக் கயிறை எடுத்தேன். மேல நாலு சுத்தா அஞ்சு சுத்தா? நின்னு யோசிச்சேன். பையன் பாத்துக்கிட்டு இருக்கான். பதினாலு வருசம் போட்ட முடிச்சு, மூணு தடவை போட்டு மூணு தடவை பிரிச்சு, தரையிலயே தொங்கிப் பாத்துட்டுத்தான் ஏறுனேன். ஏறியும் என்ன, எறங்கறப்ப ரெண்டு விரல் முடிச்சு மேல லீவரைத் தேடுது.

நாளைக்கு மழை விட்டா காலையில நாலடியில ரெண்டையும் மாத்தி மாத்தி தொங்கணும். பையனுக்கும் சேத்து.